மாவு தள்ளிய கதவு

மூக்கையூருக்கு வந்த இரண்டாம் நாள்
குளிர்பெட்டியின் கதவைத் திறந்துகொண்டு
தோசை மாவு வெளியே வந்தது.
தூக்கின் மூடியைத் தள்ளி,
கதவின் ரப்பர் விளிம்பைத் தள்ளி
வேன் தரையில் ஒரு சொட்டு.
பிறகு இன்னொன்று.

மதுரவல்லி விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள்.
"புளிச்சிருக்கு" என்றாள்,
என்னைச் சொல்வதுபோல.

ஓசூரில் ஒருவரிடம் பழசாக வாங்கிய வேன்.
கரன்ட்டில் குளிரும் என்று காட்டினார்.
கேஸிலும் குளிரும் என்று சொன்னார்.
காட்டியதற்கும் சொன்னதற்கும் நடுவே
ஐந்நூறு கிலோமீட்டர்.

நெருப்பு வைத்துக் குளிரவைக்கும் பெட்டி அது.
இதை அவளிடம் மூன்று முறை விளக்கினேன்.
மூன்றாம் முறை எனக்கே நம்பிக்கையில்லை.
சாயல்குடி மெக்கானிக் போனில் கேட்டார்:
"ஃபிரிட்ஜுக்குள்ள நெருப்பா?"
வைத்துவிட்டார்.

மோட்டார் கிடையாது.
வேலை செய்தாலும் சத்தமில்லை
செய்யாவிட்டாலும் சத்தமில்லை.
காதை வைத்தால் கடல் கேட்டது.

ஐஸ் கம்பெனியில் பகல் ஷிஃப்ட் முடித்து
சைக்கிளில் போன ஆளை அவள் நிறுத்தினாள்.
பெயர் பனிமயம் என்றார்.
சிரித்துவிட்டாள்.
அவர் சிரிக்கவில்லை;
இருபது வருஷமாக
எல்லோரும் சிரித்தாயிற்று.

முதலில் மோந்தார்.
பெட்டிக்குள் தலையை விட்டு, பிறகு
வேனைச் சுற்றிப்போய்ப் பின்பக்கக் கம்பி வழியே.
"எங்க பிளான்ட்லயும் இதே அமோனியாதான்.
கசிஞ்சா கண்ணு எரியும்.
இதுல மாவு நாத்தம் மட்டுந்தான்.
சாகல."

அடுப்பு எரிகிறதா என்றார். எரிந்தது.
அப்படியென்றால் சிலிண்டர் மேல் பழியில்லை.
ஒரு எலுமிச்சை கேட்டார்.
கிளம்பும்போது சக்கரத்துக்கு வைத்ததில்
மிச்சம் இரண்டு இருந்தன.
பெட்டிக்குள் தட்டில் வைத்தார்.
உருண்டது, இடது மூலைக்கு,
வீடு தெரிந்ததுபோல.

"மணல்ல சாய்ச்சு நிறுத்திட்டுப்
பெட்டியைத் திட்டுறீங்க."

இரண்டு இரவும் நான் அவள் மேல் சரிந்திருந்தேன்.
அது என் குணம் என்று நினைத்திருந்தாளாம்.

உடைந்த வல்லத்தின் பலகை ஒன்று
பின்சக்கரத்தின் அடியில் போனது.
எலுமிச்சை நின்றது.

பிறகு சுடர்.
குப்புறப் படுத்து டார்ச்சில் பார்த்தோம்.
மஞ்சள், சோம்பல், நுனியில் கரி.
"நீலமா நிக்கணும்."
வால்வை மூடி ஜெட்டைக் கழற்றினார்,
கீழே விழுந்தால் தேட வேண்டிய பித்தளைத் துண்டு.
குழாய்க்குள் சிலந்தி வீடு,
பஞ்சுபோல, ஆளில்லாமல்.
நான் ஊக்கை நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார்.
"ஓட்டை பெரிசாச்சுன்னா போச்சு."
சைக்கிள் பம்பால் ஊதினார்.
ஓசூர் நூல் மணலில் விழுந்தது.
பார்ப்பதற்குள் இல்லை.

பற்றியது. நீலம்.
ஐந்து எண்ணுவதற்குள் அணைந்தது.
பற்றியது.
அணைந்தது.

எழுந்து நின்று சட்டை பறக்கும் திசையைப் பார்த்தார்.
"கச்சான்."
அவ்வளவுதான் சொன்னார்.
வேனின் வென்ட் மேற்கே வாய் திறந்திருந்தது.
துண்டால் அடைக்கப் போனேன்.
"அடைச்சா சூடு எங்கிட்டுப் போகும்?"
வேனையே திருப்பினோம்.
மறுபடி பலகை, மறுபடி எலுமிச்சை.

இனி என்ன என்றேன்.
"இனி ஒண்ணுமில்ல. விடியணும்."

மாவை வைத்திருக்க முடியாது.
மதுரவல்லி ஊற்றிக்கொண்டே இருந்தாள்.
ஒன்பது தோசை சாப்பிட்டார்,
புளிப்பைப் பற்றி ஒரு வார்த்தையில்லை.
காசு வாங்கவில்லை.
பம்பை மறந்துவிட்டுப் போனார்.

அன்றிரவு யாரும் யார் மேலும் சரியவில்லை.
நடுவில் ஒரு சாண் சமதளம்.
தூக்கம் வரவில்லை.
எழுந்து போய்ப் பார்த்தேன், இரண்டு முறை:
கறிவேப்பிலை அளவு நீலம்,
அசையாமல்.

விடிகாலையில் அவள்
உள்ளிருந்து ஒரு எலுமிச்சையும்
வெளியிலிருந்து ஒன்றும் எடுத்து
என் இரு கன்னத்திலும் வைத்தாள்.
"எது?"

சில்லென்று சொல்ல முடியாது.
ஆனால் வலது கன்னம்
கொஞ்சம் முன்னதாக
விழித்துக்கொண்டது.